கடல் கொண்டுபோன பச்சை வேட்டி

குற்றாலத்துக்காரர்கள் ஊர் சுற்றப் போவதென்றால் மாசியில்தான் போக முடியும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் உலகமே எங்கள் பக்கம் வந்து குளிக்கும். நாங்கள் அவர்களுக்குச் சோறு போட்டு, எண்ணெய் தேய்த்து, அறை கொடுத்து, பழம் விற்றுக்கொண்டிருப்போம். மாசியில் அருவி பாறையை நனைத்தாலே பெரிய காரியம். கடைகளில் பாதி சாத்திக் கிடக்கும். அப்படிப்பட்ட மாசியில்தான் நானும் என் வீட்டுக்காரரும் தென்காசியிலிருந்து திருச்செந்தூருக்கு ஒரே நாளில் போய்த் திரும்பினோம். மாசித் திருவிழாவின் எட்டாம் நாள், சுவாமி பச்சை உடுத்தி வீதி வருகிற நாள். பச்சை சாத்தி.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், இதுவரை நான் எழுதிய பயணமெல்லாம் தனியாகப் போனவை. துணைக்கு ஆளே கிடையாதா அக்கா என்று பின்னூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். கிடைத்துவிட்டது. பெயர் கணபதி. பேச்சில்தான் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல நாக்கு வராது, எழுத்தில் தாராளமாக வருகிறது. பழைய குற்றாலம் போகிற வழியில் சீசனுக்குப் பழக்கடை போடுகிறார். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன். மற்ற மாதங்களில் வாழைத்தார் வியாபாரம். நல்ல உயரம், பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம்.

என் முதல் கணவர் தவறி எட்டு வருடமாகிறது. இவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். போன ஐப்பசியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், குத்துக்கல்வலசையில் வீடு. அந்த வீட்டுக்கு எட்டு வருடமும் ஒவ்வொரு அறுப்புக்கும் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கியவன் என் அண்ணன். வீரகேரளம்புதூரில் நெல் விவசாயம். வாசலில் நின்று, "ஏட்டி, கதவத் தெற" என்பான். மூட்டையை உள்ளே வைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

கல்யாண விஷயத்தைச் சொன்னபோது அவன் கத்தவில்லை. ஒனக்கு இஷ்டம்னா செஞ்சுக்கோ, என்னயக் கூப்புடாத என்று மட்டும் சொன்னான். அதோடு போனும் இல்லை, ஆளும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது பெண்ணின் கூடப்பிறந்தவன் கடமை. பதிவு அலுவலகத்துக்கு இவர் தானே வாங்கிய வேட்டியில் வந்து நின்று, மாப்பிள்ளை வீட்டு வேட்டியும் நான்தான், பொண்ணு வீட்டு வேட்டியும் நான்தான் என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அண்ணன் வருடா வருடம் மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூரில் இருப்பான். வீரகேரளம்புதூர் பக்கத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து அங்கே ஒரு மண்டபம் பிடித்து, ஏழாம் நாளிலிருந்து தேர் வரைக்கும் அன்னதானம் போடுவார்கள். பரிமாறுவதில் அவன் முதல் ஆள். ஆகவே இந்தப் பயணம் எதற்கு என்று மறைக்க ஒன்றுமில்லை. சுவாமி பார்ப்பது பாதி. என் வீட்டுக்காரர் என் அண்ணன் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பது மீதி. இவரிடம் சொன்னதற்கு, "அதுக்கென்ன, போவோம்" என்றார். உடனே போய் பச்சை சாத்திக்குப் பொருத்தமாக ஒரு பச்சை வேட்டியும் வாங்கி வந்துவிட்டார்.

தென்காசி புதிய பேருந்து நிலையத்தில் காலை ஐந்து மணிக்கு வண்டி. திருநெல்வேலி வழியாக நேரே திருச்செந்தூர் போகும் பேருந்து, ஆளுக்கு எண்பத்தைந்து ரூபாய் ஆயிற்று. தூரம் ஏறத்தாழ நூற்றுப் பத்து கிலோமீட்டர். இடது பக்கம் உட்காருங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இருட்டில் எந்தப் பக்கமும் ஒன்றுதான். பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டைகளோடு பாதி வண்டி நிறைந்தது. ஒரு பூக்காரம்மா ஏறி ஆலங்குளத்தில் இறங்குவதற்குள், இவர் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கி என் மடியில் வைத்துவிட்டார். நான் அதை இலையோடு சுருட்டிப் பைக்குள் வைத்தேன். அண்ணன் என்னைத் தலையில் பூவோடு பார்த்து எட்டு வருடமாகிறது. பார்த்தால் என்ன நினைப்பானோ என்று எனக்குப் பயம். இவர் அதைக் கவனித்தார்.

பையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். எனக்கு மாற்றுச் சேலை எடுத்து வைத்தேன். உங்களுக்கு மாற்று வேட்டி என்று கேட்டதற்கு, "துண்டு இருக்குல்லா, அது போதும்" என்றார். அருவிக்கரை ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். கட்டின துணியோடு நனைவார்கள், பிழிந்து உதறி அதையே கட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்கள். வற்புறுத்தி ஒரு சட்டை மட்டும் திணித்தேன்.

திருநெல்வேலியில் பேருந்து இருபது நிமிடம் நிற்கும். காபி குடிக்க நேரம் இருக்கிறது. அதற்கப்புறம் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணியை ஒட்டிப் போகிற பாதைதான் இந்த வழியில் அழகு. வாழைத் தோட்டம் வந்ததும் இவர் கண்ணாடியில் மூக்கை வைத்துவிட்டார். இது இன்ன ரகம், இது இன்னும் இரண்டு வாரத்தில் வெட்டுக்கு வந்துவிடும் என்று குரும்பூர் வரைக்கும் வாழை புராணம். ரோட்டோரம் பச்சை உடுத்தி வெறுங்காலோடு நடந்து போகிறவர்களைப் பார்த்ததும்தான் பேச்சை நிறுத்திக் கும்பிட்டார்.

எட்டரைக்குத் திருச்செந்தூர். பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். திருவிழா கெடக்கு, பாதி வழியில எறக்கி விட்டுருவாங்க, நடந்து போனாலும் அதே நேரம்தான் என்று அவரே உண்மையைச் சொல்லவும், நடந்தோம். பையைப் பொருள் காப்பகத்தில் கொடுத்துவிட்டு, துண்டும் கையுமாகக் கடற்கரைக்கு இறங்கினோம்.

அண்ணன் குடும்பத்தோடு வந்த வருடங்களிலெல்லாம் நான் கடலில் கால் நனைத்ததில்லை. யாராவது பையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா. அந்த வேலை எப்படியோ என்னிடம் வந்துவிடும். யாரும் சொல்லவில்லை, நானேதான் உட்கார்ந்துகொள்வேன். எல்லாரும் குளித்து வருகிற வரைக்கும் ஈரச் செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை காவல் காக்கப் பை இல்லை. இவர் முன்னால் இறங்கிப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று, வா என்று கை நீட்டினார்.

நான் முழங்கால் அளவுக்குப் போவதற்குள், பெரிய அலை ஒன்று வருவது தெரிந்தது. இவரும் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார் என்கிறீர்கள்? பிறந்ததிலிருந்து அருவியில் செய்து பழகியதைச் செய்தார். வசமாகத் திரும்பி, தலையைக் குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மெயின் அருவியானாலும் ஐந்தருவியானாலும் தண்ணீரை அப்படித்தான் வாங்க வேண்டும். பிடரியில் விழுந்தால் பாரமெல்லாம் இறங்கிவிடும். கடலுக்கு இந்த மரியாதை தெரியாது. அலை அவரைப் புரட்டி என் காலடிக்குத் தள்ளியது. திரும்பிப் போகும்போது இடுப்பிலிருந்த பச்சை வேட்டியை உருவிக்கொண்டு போனது. அருவித் தண்ணீர் மேலேயிருந்து விழும், வேட்டியை மடித்துச் செருகினால் போதும். கீழேயிருந்து இழுக்கிற தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை.

அவர் எழுந்து, இருப்பது அரைக்கால் டவுசர் மட்டும் என்று தெரிந்ததும், மறுபடி கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டார். "கரைக்கு வரமாட்டேன், ஊர்ப்பட்ட சனம் நிக்கு" என்று அங்கிருந்தே சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திப் பார்த்தேன், முடியவில்லை. தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு அலை என்னையும் முழுசாக முக்கி எடுத்தது. மூக்கிலும் வாயிலும் உப்பு. எட்டு வருடத்துக்கப்புறம் கடலில் குளித்தேன், அதுவும் திட்டமிடாமல். துண்டைக் கொண்டுபோய் அவர் இடுப்பில் நானே சுற்றிவிட்டேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த குடும்பம் கண்ணைத் திருப்பிக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டும்.

நாழிக்கிணற்றில் உப்புப் போகக் குளித்தோம். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் தண்ணீர் நல்ல தண்ணீர். கூட்ட நாளில் அரை மணி நேரமாவது வரிசை இருக்கும். பையை எடுத்து நான் சேலை மாற்றியதும், இவருக்கு வேட்டி தேடிப் போனோம். பச்சை சாத்தி அன்றைக்குத் திருச்செந்தூரில் பச்சை வேட்டிக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, அதையும் பார்த்துவிட்டேன். நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் கிளிப்பச்சையில் ஒரு நாலு முழம் கிடைத்தது. இருநூற்றிருபது ரூபாய். இவர் உயரத்துக்கு அது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. எனக்கு உடனே சிரிப்பெல்லாம் போய்விட்டது. இந்தக் கோலத்திலா அண்ணன் முன்னால் போய் நிற்பது? நாம் சுவாமி மட்டும் பார்த்துவிட்டு ஊருக்குப் போவோம் என்றேன்.

"ஒங்க அண்ணன் என்னயப் பாக்கவா போறாரு? ஒன்னயத்தான பாக்கப் போறாரு. நீ நல்லாத்தான் இருக்க" என்றார். பையைத் திறந்து பிச்சிப்பூவை எடுத்து என் கையில் கொடுத்தார். நடுரோட்டில் நின்று தலையில் வைத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு வீதியில் இடம் பிடித்தோம். பச்சை சாத்தியை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழாம் நாள் சாயந்திரம் சண்முகர் சிவப்பு சாத்தி வருவார், எட்டாம் நாள் விடியற்காலையில் வெள்ளை சாத்தி, மதியம் பச்சை சாத்தி. சப்பரம் பச்சை, பட்டு பச்சை, மாலையெல்லாம் பச்சை, பார்க்க நிற்கிற சனமும் பச்சை. பன்னீரை வீசி வீசி அடிக்கிறார்கள். சப்பரம் எங்கள் முன்னால் வந்து நின்றபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அண்ணன் பேச வேண்டும். நல்ல உடம்பு, நல்ல வேலை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாமியிடமே சொல்லிவிட்டேன். இவர் என்ன வேண்டினார் என்று கேட்டதற்கு, வேட்டி அவிழாமல் இருக்க வேண்டும் என்றார்.

மண்டபத்துக்குப் போகும்போது மணி ஒன்றரை. வாசலில் மதினிதான் முதலில் பார்த்தாள். அண்ணன் மனைவி. ஓடிவந்து கையைப் பிடித்தவள், அப்புறம்தான் இவரைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது போல. அதைச் சரிசெய்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, எங்களைப் பந்தியில் உட்கார வைத்தாள்.

இலை விழுந்தது. கூட்டு, பொரியல், அப்பளம். அண்ணன் சோற்று வாளியோடு வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்தான். இளைத்திருந்தான். நாலு இலைக்கு முன்னால் எங்களைப் பார்த்தான். நின்றான். வாளியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். வேறு யாரோ எங்கள் இலையில் சோறு வைத்தார்கள். எந்திரிங்க, போவோம் என்று இவரிடம் முணுமுணுத்தேன். இவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "எலைல ஒக்காந்தாச்சு. சாப்பிட்டுட்டுப் போவோம். நல்லாத்தான் இருக்கு" என்றார். கோபமே வராத மனுஷனோடு வாழ்வது சில நேரம் பெரிய எரிச்சல்.

ரசத்துக்குச் சோறு கொண்டுவந்தது மறுபடி அண்ணன்தான். இந்தத் தடவை வாளியைக் கைமாற்ற ஆளில்லை. எங்களுக்கு எதிர் வரிசையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர், எதையும் சத்தமாகத்தான் கேட்பார். இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்: "ஏப்பா, இது யாரு? நம்ம பக்கம் பாத்தாப்ல இல்லையே."

பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் இலையைப் பார்த்தேன். அண்ணன் வாளியோடு நின்றான். அவன் காலில் சமையல்கட்டுக் கரி ஒட்டியிருந்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

"நம்ம வீட்டு மாப்ள, அண்ணாச்சி. தங்கச்சி வீட்டுக்காரரு. குத்தாலம்" என்றான்.

பிறகு குனிந்து, "சோறு வைக்கட்டா மாப்ள?" என்றான். "போதும் அத்தான்" என்றார் இவர். அண்ணன் காதில் வாங்காமல் இரண்டு கரண்டி வைத்தான். என் இலையிலும் வைத்தான். நான் ரசத்தையும் கண்ணீரையும் சேர்த்துத்தான் சாப்பிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் வந்து நின்றான். என்னிடம் இன்னும் பேசவில்லை. இவர் வேட்டியையே பார்த்தான். வேட்டி என்ன மாப்ள இங்கன நிக்கு என்று கேட்டான். இவருக்குப் பொய் வராது. அலைக்கு முதுகைக் காட்டியதிலிருந்து, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அண்ணன் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி, கடல் அருவி மாரி கெடையாதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வர மாட்டியா? இப்படியா மாப்ளயக் கொண்டாந்து நிறுத்துவ?"

அவன் ஏட்டி என்று கூப்பிட்டு ஐந்து மாதமாகியிருந்தது. மதினியிடம் பெட்டியை எடுக்கச் சொன்னான். தேருக்குக் கட்டுவதற்கென்று தனக்கு வாங்கி வைத்திருந்த எட்டு முழ வேட்டி, ஓரத்தில் மஞ்சள் தடவி மடித்தது மடித்தபடி இருந்தது. அதை இரண்டு கையிலும் வைத்து இவரிடம் நீட்டினான். "இதக் கட்டிக்கிடுங்க மாப்ள. அப்பமே குடுத்திருக்கணும்" என்றான்.

இவர் தோளில் கிடந்த துண்டை மரியாதைக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து வாங்கினார். எப்போதும் சிரிக்கிற மனுஷன் அப்போது சிரிக்கவில்லை. நான் மதினி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

நாலு மணிக்குத் திரும்பும் வண்டி. அண்ணன் பேருந்து நிலையம் வரைக்கும் வந்து, துண்டு போட்டு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான். பங்குனியில் பிசான நெல் அறுப்பு, மூட்டையைக் கொண்டுவந்து போடுகிறேன் என்று இவரிடம்தான் சொன்னான். இவர் தார் ஒன்று வெட்டி வைக்கிறேன் என்றார். வாழையைப் பற்றி இரண்டு பேரும் பேச ஆரம்பித்து, நடத்துநர் விசில் அடித்தும் முடிக்கவில்லை. ஏழே முக்காலுக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசியிலும் ஆவணியிலும் திருவிழா உண்டு. பச்சை சாத்திக்குப் போவதென்றால் பத்து மணிக்குள் குளியலை முடித்துவிடுங்கள், அப்புறம் வீதியில் நிற்க இடம் கிடைக்காது. தொப்பியோ குடையோ எடுங்கள், மாசி வெயிலை நம்பக் கூடாது. இரண்டு பேருக்கு வண்டிச் செலவு, காபி, காப்பகம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, கிளிப்பச்சை வேட்டி தனி. யாரிடமாவது பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தால், அவர்கள் பரிமாறுகிற பந்தியில் போய் உட்காருங்கள். நடுவில் எழுந்து வந்துவிடாதீர்கள், ரசத்துக்குச் சோறு வருகிற வரைக்காவது இருங்கள். குற்றாலம், தென்காசிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: அலை வரும்போது அதன் முகத்தைப் பார்த்து நில்லுங்கள்.

மாற்று வேட்டி கட்டாயம் எடுத்துப் போங்கள். நாங்கள் எடுத்துப் போகவில்லை. அதற்காக முருகனுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.